ஐவகைக் கருவியின் ஆதி வரலாறு

இசை என்னும் சொல் தமிழில் பல பொருள் தந்து நிற்பது. செவிக்கு இன்பம் பயக்கும் பண்ணொலி ஒன்று. பொருந்துதல், உடன்படுதல் என்பது மற்றொன்று. புகழ் என்பது பிறிதொன்று. ஒலியோடு ஒலி பொருந்துவதனாலும், அவ்வொலியால் உள்ளத்தோடு உள்ளம் பொருந்துவதனாலும், பண்ணொலிக்கு இப்பெயர் அமைந்தமை சாலப் பொருத்தமுடையது. உள்ளங்களை ஒன்றுபடுத்தும் இவ்வரிய கலையை மனிதன் எக்காலத்திற் பெற்றான்? எக்கருவியை முதலில் கையில் எடுத்தான்? உண்ண உணவும் உடுக்க உடையும் நிரம்பிய பின்னர்ப் பொழுதுபோக்காக எழுந்ததோ இக்கலை? அன்றி, அவை நிரம்பாத காலத்தேயே வாழ்வுக்கு உறுதுணையாய் உடன் வந்ததோ? இவ்வினாக்களுக்கு விடை தரும் சான்றுகள் பலவற்றைத் தொல்பொருள் ஆராயும் அறிஞர் சென்ற நூறாண்டுகளில் மண்ணினின்றும் மீட்டுத் தந்துள்ளனர். அவற்றை முறைப்பட நோக்குவது, இசையைப் போற்றும் அன்பர் யாவர்க்கும் இன்பமும் பயனும் தருவதாகும்.

கருவிகளின் பாகுபாடு

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி, மிடற்றுக்கருவி என ஐவகைப்படுத்துவது தமிழ் மரபு. பரதர் பெயரால் வழங்கும் நாட்டிய சாத்திரம் ததம், சுஷிரம், அவநத்தம், கனம் என நால்வகை கூறும். இவை முறையே நரம்பு, துளை, தோல், கஞ்சம் என்பவற்றோடு ஒக்கும்.

இப்பாகுபாடு பாரத நாட்டளவில் நின்றதன்று. 1876-ஆம் ஆண்டில் வங்காளத்துச் செல்வரும் இசை வல்லுநருமாகிய சௌரீந்திர மோகன் தாகூர், நம் நாட்டு இசைக்கருவிகளின் பெருந்தொகுதியொன்றைப் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்குப் பரிசிலாக அனுப்பினார். அடுத்த ஆண்டிலேயே பிரசல்ஸ் நகரத்து இசைக்கல்லூரியில் இசைக்கருவிக் காட்சிச்சாலை தோன்றியது. அதன் காப்பாளராயிருந்த விக்டர் மாகில்லோன் 1880-இல் வெளியிட்ட பட்டியலில் உலகத்துக் கருவிகள் அனைத்தையும் நான்கு வகையில் அடக்கினார். அந்நான்கும் நாட்டிய சாத்திரத்தின் நான்கோடும் ஒத்து நின்றன. பின்னர் 1914-இல் எரிக் வான் ஹார்ன்பாஸ்டல், கர்ட் சாக்ஸ் என்னும் அறிஞர் இருவர் அதனையே விரித்து நுண்ணிதின் வகுத்தனர். இன்றும் உலகக் காட்சிச்சாலைகள் பலவும் பின்பற்றுவது அவ்வழியேயாம்.

இவற்றோடு ஒப்புநோக்கத் தமிழ் மரபில் ஒன்று மிக்கிருத்தல் காணலாம். அஃது மிடறு. மனிதனது கண்டத்தையும் ஒரு கருவியெனவே எண்ணினர் நம் முன்னோர். கையாற் செய்யப்பட்ட கருவி யாவற்றுக்கும் முன்னே, மனிதன் பிறக்கும்போதே உடன்கொண்டு வந்த கருவி அஃதொன்றே. ஆதலின், கருவிகளின் வரலாற்றை மிடற்றினின்றும் தொடங்குவதே முறை.

மிடறு

பாடிய குரல் பாடிய அப்பொழுதே காற்றிற் கரைந்து ஒழிவது. குரல்நாண்கள் தசையால் ஆயவை. உடலோடு மண்ணாய் மறைவன. எனினும், மிடற்றின் மேற்பகுதியில் நாவின் அடியைத் தாங்கி நிற்கும் சிற்றெலும்பொன்று உண்டு. குதிரைலாட வடிவினதாகிய அவ்வெலும்பு மிக மெல்லியது; மண்ணில் எஞ்சுதல் அரிது. இசுரேல் நாட்டுக் கார்மேல் மலையிலுள்ள கெபாரா குகையில், 1983-இல், நியண்டர்தால் என்னும் பழமாந்தர் இனத்தார் ஒருவரது எலும்புக்கூட்டோடு அச்சிற்றெலும்பும் கிடைத்தது. அதன் காலம் ஏறத்தாழ 60,000 ஆண்டுகட்கு முற்பட்டது. வடிவமோ இக்கால மனிதரது எலும்பினை ஏறக்குறைய முற்றும் ஒத்திருந்தது. அவர் பாடினார் என அவ்வெலும்பு ஒன்றே கூறமாட்டாது. ஆயினும், குரலெழுப்பும் உறுப்பின் அமைப்பு எத்துணைத் தொன்மையுடையது என்பதற்கு அஃதொரு கரியாகும்.

மனிதன் எதன்பொருட்டுப் பாடத் தொடங்கினான் என்பதில் அறிஞர் கொள்கை பலவாம். எர்பர்ட் ஸ்பென்சர் 1857-இல் எழுதிய கட்டுரையில், உணர்ச்சி மிக்க பேச்சே ஏற்ற இறக்கம் பெற்று இசையாயிற்று என்றார். அழுகையே நீண்டு ஒப்பாரியாதலைக் கண்டவர்க்கு இக்கொள்கை எளிதில் விளங்கும். சார்லஸ் டார்வின் 1871-இல் வெளிவந்த மனிதனின் தோற்றம் பற்றிய நூலில் இதனை மறுத்து, பறவைகள் துணையை அழைத்துப் பாடுதல்போல் மனிதனும் பேச்சுக்கு முன்னரே பாடினான் என்று கொண்டார். கார்ல் பூஃகர் என்னும் செருமானியப் பொருளியலறிஞர் 1896-இல், பலர் கூடி உழைக்குங்கால் கை கால்கள் ஒருங்கு இயங்குதற்பொருட்டு எழுந்ததே தாளமும் பாட்டும் என்றார். ஏற்றம் இறைப்போரும் நாற்று நடுவோரும் பாடும் பாட்டினைக் கேட்டு வளர்ந்த நாட்டவர்க்கு இதனையும் மறுத்தல் இயலாது. தாய் சேயைத் தேற்றும் தாலாட்டே இசையின் ஊற்று என்பாரும் உளர்.

இக்கொள்கைகள் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றினும், அவற்றினூடே ஓர் இழை ஓடுதல் காணலாம். துணையோடு துணையும், தாயோடு சேயும், உழைப்பவரோடு உழைப்பவரும், துயருற்றவரோடு சுற்றமும் பொருந்துதற்கு வாயிலாய் நின்றது இசை. பொருத்தும் அவ்வாற்றல் பிறவியிலேயே அமைந்தது என்பதற்கு அண்மைக்காலத்துச் சான்றொன்று உண்டு. 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிறந்து இரண்டு மூன்று நாளேயான குழந்தைகள் உறங்குங்கால், அவர்தம் செவியில் முரசின் தாள ஒலி மெல்லென இசைக்கப்பட்டது. தாளத்தின் தலையடி விடுபட்ட இடத்தில், உறங்கும் அச்சேய்களின் மூளையில் எழும் நுண்ணிய மின்னலைகள் மாறுபட்டன. வரவேண்டிய அடி வரவில்லை என்பதை, ஒரு சொல்லும் அறியாத பச்சிளங் குழவியும் உணர்ந்தது.

கஞ்சம்

கஞ்சக்கருவி என்பது இன்று வெண்கலத்தாளம், சேமக்கலம், மணி முதலியவற்றைக் குறிப்பது. வெண்கலம் தோன்றுமுன் மனிதன் தட்டி ஒலித்தவை தன் கைகள், மரக்கட்டை, கல் என்பனவே. கைத்தட்டல் எச்சுவடும் விடாதது. மரக்கட்டையோ மட்கி ஒழிவது. எஞ்சுவது கல் ஒன்றே.

கருநாடக மாநிலத்துப் பல்லாரிப் பகுதியில் குப்கல் என்னும் ஊரையடுத்துக் கரும்பாறைக் குன்றொன்று உளது. அங்குப் புதிய கற்கால மக்கள் எருதுகளையும் மனித உருவங்களையும் பாறையிற் செதுக்கி வைத்துள்ளனர். அவற்றினிடையே உள்ள சில பாறைகளைக் கல்லாற் தட்டின், மணியொலிபோல் உரத்த நாதம் எழுகின்றது. பன்முறை தட்டித் தட்டித் தேய்ந்த குழிகளும் அவற்றில் உள்ளன. ஓவியமும் ஒலியும் ஓரிடத்தே கூடியிருத்தலை 2004-இல் ஆய்ந்து வெளியிட்ட அறிஞர், கல்லுடைப்போரால் அக்குன்று சிதைவுறும் இடரையும் உடன் எடுத்துரைத்தனர். கல்லினுள் உறங்கும் நாதத்தைத் தட்டி எழுப்பும் இவ்வறிவு, பிற்காலத்தே திருநெல்வேலி நெல்லையப்பர் திருக்கோயிலிலும் மதுரைத் திருக்கோயிலிலும் இசைத்தூண்களாக முதிர்ந்து நிற்றலை அன்பர் கண்டிருப்பர்.

தோல்

முரசும் முழவும் பறையும் உடுக்கையும் தோற்கருவிகள். உலகத்து மக்களினத்துள் மிகப் பெரும்பாலார் ஏதேனும் ஒரு தோற்கருவியை உடையர். ஆயின், இவ்வகையின் தொடக்கம் மண்ணுள் மறைந்துபோயிற்று. வேட்டையாடிய விலங்கின் தோலைக் காயவைத்த மனிதன், அது இறுகி அதிர்வதனை மிகப் பழங்காலத்திலேயே கேட்டிருத்தல் கூடும். தோலும் மட்கும், அதனைத் தாங்கிய மரமும் மட்கும். சான்று எஞ்சவில்லை என்பது கருவியே இருந்ததில்லை என்பதாகாது.

சீன நாட்டுச் சான்சி மாநிலத்தில் தாவோசி என்னுமிடத்தில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகட்கு முற்பட்ட கல்லறைகள் அகழப்பட்டன. ஆங்குக் குடைந்த மரத்தாலாய முரசின் சிதைவுகளும், அவற்றோடு முதலையின் தோலிற் பதிந்திருக்கும் எலும்புத் தகடுகளும் கிடைத்தன. தோல் மறைந்து தகடு எஞ்சியமையால், முதலைத்தோல் போர்த்த முரசு அதுவென அறியலாயிற்று. தகடில்லாத ஆட்டுத்தோலோ மான்தோலோ போர்த்திருப்பின், அம்முரசின் வரலாறும் முற்றும் மறைந்திருக்கும்.

துளை

ஐவகையுள் பழங்காலத்தினின்றும் நேரிற் கைக்கு எட்டியது துளைக்கருவி ஒன்றே. மூங்கிலும் நாணலும் மட்கும். பறவையின் எலும்போ குகையின் மண்ணுட் பதுங்கிப் பல்லாயிரம் ஆண்டு நிற்கும். பறவையெலும்பு இயல்பிலேயே உட்துளையுடையதாதலின், குழலாதற்கு மிக ஏற்றது.

1995-இல் சுலோவீனிய நாட்டுத் திவ்யே பாபே குகையில் இளங்கரடியின் தொடையெலும்பு ஒன்று கிடைத்தது. அதன் காலம் 50,000 ஆண்டுக்கு மேற்பட்டது. அதில் முழுத்துளைகள் இரண்டு ஒரே வரிசையில் உள்ளன. நியண்டர்தால் மாந்தர் செய்த குழல் இஃதென்பர் ஒரு சாரார். ஊன் தின்னும் விலங்கின் பல் பதிந்த துளைகள் அவை என்பர் மற்றொரு சாரார். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

இவ்வையத்திற்கு இடமில்லாத சான்றுகள் செருமானிய நாட்டின் தென்பகுதியில், சுவாபிய மலைக்குகைகளிற் கிடைத்தவை. அங்கு ஹோலே பெல்ஸ் என்னும் குகையில் 2008-இல் குழலொன்று பன்னிரண்டு துண்டுகளாக வெளிப்பட்டது. தூபிங்கன் பல்கலைக்கழகத்து நிக்கோலஸ் கோனார்டு என்பார் தலைமையில் அகழ்ந்தோர் அத்துண்டுகளைப் பொருத்தி, 2009-இல் உலகிற்கு அறிவித்தனர். பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகின் சிறகெலும்பாலாயது அக்குழல். நீளம் ஏறத்தாழ 22 சென்டிமீட்டர். குறுக்களவு 8 மில்லிமீட்டர். விரல் வைத்தற்குரிய துளைகள் ஐந்து. ஊதும் வாயில் கூரிய இரு வெட்டுக்களோடு செப்பமாய் அமைந்துளது. துளையிடும் இடங்களை அளந்து குறித்த கீற்றுக்களும் எலும்பின்மேல் காணப்படுகின்றன. காலம் ஏறத்தாழ 40,000 ஆண்டுகட்கு முன்.

அண்மையிலுள்ள கெய்சன்குளோஸ்டர்லே என்னும் குகையில் அன்னத்தின் எலும்பாற் செய்த குழல்களும், மாமூத் என்னும் மயிரடர்ந்த பழங்கால யானையின் தந்தத்தாற் செய்த குழலும் கிடைத்தன. அக்குழல்கள் கிடைத்த பண்பாட்டு அடுக்கின் தொடக்கம் 42,000 முதல் 43,000 ஆண்டுகட்கு முற்பட்டது எனக் கரிமக் கணிப்பால் 2012-இல் அறிவிக்கப்பட்டது. தந்தக் குழலின் வேலைப்பாடு வியக்கத்தக்கது. எலும்பிற்போல் தந்தத்தில் துளை இயல்பாக இல்லை. ஆகவே, தந்தத் துண்டினை நெடுக்கே இரண்டாகப் பிளந்து, இரு பாதியையும் உள்ளே குடைந்து, மீண்டும் காற்றுப் புகாவண்ணம் ஒட்ட வேண்டும். இரு பாதியும் பிறழாது பொருந்துதற்பொருட்டு விளிம்பு நெடுகச் சிறு கீறல்களை அக்கலைஞன் இட்டிருக்கின்றான். பறவையெலும்பு எளிதிற் கிடைக்கவும், அரிய தந்தத்தை எடுத்துப் பன்னாள் உழைத்து அவன் குழல் செய்தது எற்றுக்கு? பயன் ஒன்றே கருதியவன் இங்ஙனம் உழையான். தான் மிக உயர்ந்ததாக மதித்த ஒன்றற்குத் தன்னிடமிருந்த உயர்ந்த பொருளையே அவன் கொடுத்தான் எனக் கொள்வதே பொருந்தும்.

அக்காலத்து வாழ்வு எத்தகையது என்பதையும் எண்ணுதல் வேண்டும். ஐரோப்பாவின் வடபகுதியைப் பனிப்பாறைகள் மூடிய காலம் அது. உழவு இல்லை, மட்கலம் இல்லை, நிலையான வீடு இல்லை. மானும் குதிரையும் மாமூத்தும் கிட்டின் உணவு, கிட்டாவிடிற் பட்டினி. அந்நிலையிலும் குழல் இருந்தது. இசை என்பது செல்வத்தின் மிச்சத்தில் எழுந்த அணிகலன் என்னும் கருத்து இங்கு நிலைகுலைந்து வீழ்கின்றது.

மற்றுமொன்று குறிக்கத்தகும். ஹோலே பெல்ஸ் குழல் கிடைத்த இடத்திற்கு ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் தொலைவில், தந்தத்தாற் செதுக்கிய பெண்ணுருவம் ஒன்றும் கிடைத்தது. அதே மலைப்பகுதியைச் சார்ந்த மற்றொரு குகையில் 1939-இற் கண்டெடுத்த தந்தச் சிற்பம் சிங்கத்தலையும் மனித உடலும் கொண்டது. உருவமைத்தலும் இசைத்தலும் ஓரிடத்தே, ஒரு மக்களிடையே, ஒரு காலத்தே வெளிப்படுகின்றன. அவர்தம் வழிபாடு யாது என எவரும் உரைக்கவொண்ணாது; எனினும், உருவமும் நாதமும் மிகப் பழங்காலந்தொட்டே உடனுறைவன என்பதை அம்மண் காட்டுகின்றது. 2017-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் இக்குகைகளும் சேர்க்கப்பட்டன.

துளைக்கருவியுள் திருக்கோயில் அன்பர்க்கு நெருங்கிய ஒன்று சங்கு. அதன் தொன்மையும் அண்மையில் வெளிப்பட்டது. பிரான்சு நாட்டுப் பிரனீசு மலையடிவாரத்து மார்சுலாஸ் குகையில் 1931-இற் பெரியதொரு கடற்சங்கு கிடைத்தது. அது நீர் பருகும் கலம் எனக் கருதப்பட்டு, துலூசு நகரத்துக் காட்சிச்சாலையில் எண்பதாண்டுக்கு மேலாக வாளா கிடந்தது. பின்னர் நுண்கருவிகளால் ஆராய்ந்தபோது, அதன் கூர்முனை தற்செயலாக உடைந்ததன்று, வேண்டுமென்றே நீக்கப்பட்டது என்பதும், உட்சுருளில் துளையிடப்பட்டுள்ளது என்பதும், உள்ளே செங்காவிப் புள்ளிகள் இடப்பட்டுள்ளன என்பதும் புலனாயின. குகைச்சுவரின் ஓவியத்திலும் அத்தகைய புள்ளிகளே உள்ளன. இசைவாணர் ஒருவர் அதனை ஊத, தெளிவான மூன்று சுரங்கள் எழுந்தன. ஏறத்தாழ 18,000 ஆண்டு உறங்கிய சங்கின் ஒலியை 2021-இல் உலகம் கேட்டது. முனையை நீக்கி ஊதுவாய் அமைத்தல் நம் கோயிற்சங்கிலும் இன்றளவும் நிகழ்வதே. கடலினின்றும் நெடுந்தொலைவில் உள்ள மலைக்குகைக்கு அச்சங்கினைச் சுமந்து சென்றவர், அதன் ஒலியை எத்துணை அருமையாகப் போற்றினர் என்பது சொல்லாமலே விளங்கும்.

சீன நாட்டு ஹெனான் மாநிலத்துச் சியாஹு என்னுமிடத்தில் கிடைத்த குழல்கள் மற்றொரு படிநிலையைக் காட்டுவன. செம்முடி நாரையின் எலும்பாலான அவை 9,000 முதல் 7,700 ஆண்டுகட்கு முற்பட்டவை. கல்லறைகளில் இறந்தாரோடு வைக்கப்பட்டவை. சிதையாத குழல் ஒன்றனை ஊதி, அதன் சுரங்களை அளந்தறிந்து, 1999-இல் அறிஞர் வெளியிட்டனர். ஏழு துளையுடைய அக்குழலில், ஏழாவது துளையின் அருகே மிகச் சிறிய துளையொன்று உண்டு. சுரம் சிறிது பிறழ்ந்ததைச் செவியால் உணர்ந்து, அதனைத் திருத்த அக்கலைஞன் இட்ட துளை அது. சுருதி பிழைத்தல் பொறாத செவி எட்டாயிரம் ஆண்டுகட்கு முன்னரே இருந்தது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நரம்பு

நரம்புக்கருவியின் தாய் வில் என்பது அறிஞர் பலரும் கொள்ளும் கருத்து. தென்னாப்பிரிக்கச் சான் மக்கள் வேட்டை வில்லையே வாயிற் பொருத்தி நாணைத் தட்டி இசைப்பது இதற்குச் சான்று. சங்க இலக்கியத்துள் பெரும்பாணாற்றுப்படை முல்லைநிலத்து ஆயனைக் காட்டுங்கால், அவன் தீக்கடைகோலால் துளையிட்ட குழலை ஊதி, அது வெறுத்தபின், குமிழமரக் கொம்பில் மரல் நாரை நரம்பாகக் கட்டிய வில்யாழை இசைத்தான் என்று கூறும். வில் யாழாகிய வரலாற்றை, ஆயனொருவனது ஒருபகற் பொழுதில் அடக்கிக் காட்டிய பெருமை அப்பாட்டிற்கு உண்டு.

நரம்பும் மரமும் அழிவன. இராக்கு நாட்டின் பண்டை நகரமாகிய ஊர் என்பதனை 1922 முதல் 1934 வரை அகழ்ந்த லியோனார்டு வூலி, ஏறத்தாழ 4,500 ஆண்டுகட்கு முற்பட்ட அரச கல்லறைகளில் நரம்புக்கருவிகள் சிலவற்றைக் கண்டார். பொன்னாலான எருதின் தலையும் சிப்பிப் பதிப்புக்களும் இருந்தன. மரம் மட்கி, அது இருந்த இடம் மண்ணில் வெற்றுத்துளையாய் நின்றது. அவர் அத்துளைகளுள் சுண்ணச்சாந்தினை ஊற்றி இறுகவிட்டார். மறைந்த மரத்தின் வடிவம் சாந்தின் வடிவாய் வெளிப்பட்டது.

தமிழகத்து யாழுக்கு அத்தகைய பேறும் வாய்த்திலது. பாணர் கையில் ஊர்தோறும் ஒலித்த யாழ், வழக்கொழிந்து, பெயரளவில் நின்றது. ஈழத்துத் தமிழ்ப் பெரியார் விபுலாநந்த அடிகள் பல்லாண்டு முயன்று, பழநூற் செய்திகளையே சாந்தாகக் கொண்டு, யாழின் வடிவையும் பண்முறையையும் ஆராய்ந்து யாழ்நூல் இயற்றினார். அந்நூல் 1947-இல் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. வடிவம் ஒருவாறு மீண்டது. ஆயினும், அதனை இசைத்த விரலின் பயிற்சியும் அவ்விரலை வழிப்படுத்திய ஆசிரியனது செவியும் நூலால் மீளமாட்டா.

எழுதப்பட்ட பண்

இசையை எழுத்தில் நிறுத்தும் முயற்சியும் தொன்மையுடையதே. சிரியா நாட்டுக் கடற்கரையிலுள்ள உகாரித் என்னும் பழநகரின் இடிபாடுகளில், ஏறத்தாழ 3,400 ஆண்டுகட்கு முற்பட்ட களிமண் பலகைகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் ஊரியன் மொழிப் பாடலும், அதன்கீழ் நரம்புகளை இசைக்கும் முறையும் பொறிக்கப்பட்டுள்ளன. ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்த பண்ணெழுத்துள் உலகில் மிகப் பழையது இதுவே. அப்பாடல் யாரைப் பற்றியது? மன்னனையோ போரையோ பற்றியதன்று. நிக்கல் என்னும் பெண்தெய்வத்தைப் பாடும் தோத்திரம் அது. எழுதிவைத்துக் காக்கத்தக்கது என ஒரு மக்கள் கருதிய பாடல் இறைவணக்கமாய் அமைந்தமை உள்ளத்தை உருக்குவதாம்.

எனினும், அப்பலகையின் குறிகளைப் படித்த அறிஞர் ஒருவர் தந்த மெட்டு மற்றொருவர் தந்த மெட்டோடு ஒவ்வாது. எழுத்து உண்டு, அதனைப் பாடிக்காட்டும் மிடறு இடையில் அற்றுப்போயிற்று. ஆகலின், ஒரு தோத்திரம் பல வேறு பாட்டாக இன்று ஒலிக்கின்றது.

வரலாறு உணர்த்துவது

மேற்கூறிய சான்றுகளைத் தொகுத்து நோக்கின், உண்மைகள் இரண்டு புலனாகும். வறுமையும் குளிரும் சூழ்ந்த குகையிலும் மனிதன் இசையை விட்டிலன் என்பது ஒன்று. இசைக்கு உரியவற்றுள் மண் காத்துத் தருவது மிகச் சிறிது என்பது மற்றொன்று. எலும்பும் சங்கும் கல்லும் எஞ்சின. தோலும் மரமும் நரம்பும் மறைந்தன. குரலோ சுவடின்றிக் கரைந்தது. கருவி கிடைத்த இடத்தும் அதில் வாசித்த பண் கிடைத்திலது. அங்ஙனமாயின், இன்று கேட்கப்படும் பண்ணும் தாளமும் எவ்வாறு வந்தன? மிடற்றினின்றும் மிடற்றுக்கும், கையினின்றும் கைக்கும், ஆசிரியன் மாணவனுக்கு அளிக்க வந்தன. ஒரு தலைமுறை வாங்காது விடின், அவ்விடத்தே அது முடியும்.

இவ்வுண்மையைத் தெளிய உணர்ந்தவன் முதலாம் இராசராச சோழன். 1010-ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய தஞ்சைப் பெருங்கோயிலைக் கல்லால் எடுத்தவன், கல் மட்டும் போதும் என்றிருந்தானல்லன். திருப்பதியம் விண்ணப்பஞ்செய்யப் பிடாரர் நாற்பத்தெண்மரையும், உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும், ஆக ஐம்பதின்மரை நியமித்து, ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் வழங்கச் செய்தான். அவருள் எவரேனும் இறப்பினும் அயலிடம் பெயரினும், அவர்க்கு அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்று அப்பணி செய்க என்றும், உறவினர் தகுதியிலராயின் தக்காரைத் தேர்ந்து நிறுத்துக என்றும் கல்வெட்டிற் பொறித்தான். மிடற்றின் தொடர்ச்சி அறாதவாறு காக்க ஒரு வேந்தன் இட்ட ஏற்பாடு அது. நெல்லளவு சிறிது, நோக்கமோ மிகப் பெரிது.

இன்று கோயில் பலவற்றில், பூசைவேளையில் மின்விசையாற் சுழலும் பொறியொன்று முரசையும் மணியையும் தானே அடிக்கின்றது. ஆளில்லாக் குறையை அது நிரப்புவது உண்மையே. ஆனால் அப்பொறி எவர்க்கும் கற்பிக்கமாட்டாது. தவிற்காரர் மகன் தந்தையின் அருகமர்ந்து கற்றதை, நாகசுரக்காரர் மாணவன் ஆண்டுக்கணக்கில் மூச்சையடக்கிப் பயின்றதை, ஓதுவார் பிள்ளை செவியால் வாங்கியதை அது அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கமாட்டாது. பொறி பழுதுபடின் வேறொன்று வாங்கலாம். பயிற்சி அறுபடின் வாங்கும் கடை இல்லை. யாழுக்கு நேர்ந்தது இதுவே.

ஆதலின், கோபுரம் புதுக்கி, விமானத்திற்கு வண்ணந் தீட்டி, கலசத்திற்குப் பொன் பூசிய அன்பர், அத்திருப்பணியோடு ஒருபங்கு பொருளை இசைப்பார் வாழ்வுக்கும் ஒதுக்குவராயின், திருப்பணி முழுமை பெறும். ஒரு தவிலுக்குப் புதுத்தோல் போர்த்துக் கொடுத்தல், ஒரு மாணவனுக்கு உண்டியும் உறையுளும் அளித்துப் பண் பயிற்றுவித்தல், ஓதுவார் ஒருவர்க்கு மாதந்தோறும் குறையாத வருவாய் அமைத்தல் ஆகிய இவை சிறு செயல்போல் தோன்றினும், குகைவாழ் காலத்தினின்றும் அறாது வந்த நூலில் ஒரு முடிச்சினை இறுக்குவனவாம்.

பனிக்குகையில் இருந்த அக்கலைஞன், தன்னிடமிருந்தவற்றுள் உயர்ந்ததாகிய தந்தத்தை எடுத்துக் குழல் செய்தான். அவன் பெயர் எவர்க்கும் தெரியாது. அவன் ஊதிய பண்ணும் தெரியாது. அவன் கொடுத்தது மட்டும் நிற்கின்றது. இசை என்னும் சொல்லுக்குப் புகழ் என்னும் பொருளும் உண்டென முதற்கண் கூறப்பட்டது. இசையை அடுத்தவர் கையில் அறாது சேர்ப்பித்தவர்க்கே அப்பொருளும் உரியதாகும்.